விட்டவர் பெயர்

உ
11 அக்டோபர் 2058, வெள்ளி
காலை 6.10. கழிமுக நிலையம் 3

காற்று வடகிழக்கு. அலை குறைவு. தண்ணீர் லேசான கலங்கல். பத்து லிட்டர் வடிகட்டினேன்.

வடிதாளில் எண்ணிய இழை 412. வெறும் தட்டில் விழுந்தது 3. கழித்தால் 409. சிவப்பு 163, நீலம் 88, கறுப்பு 71, மற்ற நிறங்கள் 87.

சிவப்பில் 150 இழைகளுக்கு ஒரே நூல் எண்: 7714. விட்டவர்: தெரியவில்லை.

இது புது நோட்டு. இதை எந்தக் காலத்தில் யார் எடுத்துப் படிப்பார்களோ தெரியாது. அதனால் முதல் பக்கத்திலேயே விவரம் எழுதிவிடுகிறேன்.

தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில், கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, எட்டுத் தூண்களின் மேல் நிற்கிறது இந்த நிலையம். ஆற்றுத் தண்ணீரில் எத்தனை பிளாஸ்டிக் இழை வருகிறது என்று தினமும் எண்ணுவதுதான் இங்கே வேலை. ஒரு ஆளுக்கு நாற்பத்தெட்டு நாள் முறை. விரதக் கணக்குப்படி ஒரு மண்டலம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

என் பெயர் சண்முகவடிவு. வயது ஐம்பத்தாறு. எட்டாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் பத்தொன்பது வருடம் இங்கே காவலராக இருந்தார். கடைசி ஐந்து வருடம் அவருக்குக் கண் மங்கிவிட்டது. அவர் வடிதாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார், நான் எண்ணி எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். அவர் போன பிறகு நோட்டுகளை ஒப்படைக்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கே அதிகாரி தேவசகாயம் கையெழுத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அஞ்சு வருசமா எங்ககிட்ட வேலை பாக்குதது நீங்கதானாம்மா?" அடுத்த வாரமே வேலை கொடுத்துவிட்டார்.

இழைமானி என்ற கருவியை நானாகத்தான் பழகினேன். இழையை வைத்தால் அது கோடு போட்டுக் காட்டும். மேலே இரட்டைக் கொம்பு வந்தால் பாலியெஸ்டர். ஒற்றைக் குன்று வந்தால் நைலான். செயற்கை நூல் எதுவானாலும் அதன் சாயத்துக்குள் ஒரு எண் கலந்திருக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடமாகச் சட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மானிக்குத் தெரியும்.

நிலையத்தில் பருத்தி தவிர வேறு துணி உடுத்தக் கூடாது. எண்ணும்போது பக்கத்தில் ஒரு வெறும் தட்டைத் திறந்து வைப்பேன். காற்றிலிருந்தும் என் மேலிருந்தும் விழுவது அதில் விழும். அதைக் கழித்தால்தான் ஆற்றின் கணக்கு சுத்தம்.

காலை 10.30

படகு வந்தது. சூசை அண்ணன் அரிசியும் குடிதண்ணீரும் இறக்கினார். கூடவே ஆஸ்பத்திரிப் பெட்டி. அதில் பதினான்கு கண்ணாடித் தகடுகள். கரையில் பிறக்கிற பிள்ளைகளின் முதல் மலம். நாங்கள் காட்டுப்பீ என்போம். தாய் வயிற்றுக்குள் இருக்கும்போதே சேர்ந்தது அது. வெளியுலகத்தின் ஒரு சொட்டுப் பால்கூட அதில் கிடையாது. அதிலும் இழை இருக்கிறதா என்று இரண்டு வருடமாகப் பார்க்கிறோம்.

பதினான்கில் பதினொன்றில் இருந்தது. அதில் ஒன்பது தகடுகளில் 7714.

பிள்ளையாரப்பா. எந்த மகராசன் விட்டது இது?


உ
12 அக்டோபர், சனி
மாலை 5.40

இழை 421. சிவப்பு 170. அதில் 7714: 158. விட்டவர்: தெரியவில்லை.

கரையிலிருந்து குரல் செய்தி, என் மகள் கோமதி:

"எம்மா, சாப்டியா? நான் படுத்தேதான் கெடக்கேன். டாக்டரம்மா எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாவ. முப்பத்தோரு வாரம் முடிஞ்சிட்டு. உள்ள ஒரே உதை. உன்னய மாதிரியே ரோசக்காரியா இருப்பா போல. ஆத்தம்மாவுக்குச் சேலை வந்திட்டா? ஒண்ணாம் நம்பரு என்னோடதுதான? மறந்துராத."

இதுவும் விவரம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

கோமதிக்கு முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அப்போது ஆற்றம்மாவுக்கு நேர்ந்துகொண்டேன். ஐப்பசி முதல் தேதி மலையடிவாரப் படித்துறையில் குளித்து, உடுத்தியிருந்த பழைய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். துணியோடு பாவமும் போகும் என்பார்கள். ஆற்றம்மாவுக்குப் பழையதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வருடம் நூற்றெட்டுப் புதுச் சேலை விடுவதாக வேண்டிக்கொண்டேன். நூற்றெட்டுப் பெண்கள் புதுச் சேலை உடுத்தி, மூன்று முழுக்குப் போட்டு, முந்தியில் ஒரு மஞ்சள் துண்டு முடிந்து, தண்ணீருக்குள்ளேயே அவிழ்த்து விட்டுவிட்டு வேறு சேலை மாற்றிக்கொண்டு வருவோம். எல்லாம் ஒரே குங்குமச் சிவப்பு. ஓரத்தில் அழியாத மையால் நான் எண் எழுதுவேன், ஒன்று முதல் நூற்றெட்டு வரை. ஒன்றாம் எண் எப்போதும் கோமதிக்கு.

மூன்றாவது வருடம் இரண்டாவது கர்ப்பமும் கலைந்தது. என் பக்தியில்தான் குறை என்று நினைத்து வெள்ளிக்கிழமை விரதமும் சேர்த்துக்கொண்டேன். இது ஏழாவது வருடம். இந்தத் தடவை பிள்ளை ஏழு மாதத்தைத் தாண்டிவிட்டது.

எனக்கு முறை விழுந்துவிட்டதால் இந்த வருடம் எங்கள் குழுவை என் சிநேகிதி உலகம்மாள் கூட்டிக்கொண்டு போகிறாள். அவள் செய்தி:

"ஏ வடிவு, பொதியப் பிரிச்சாச்சு. நூத்தியெட்டும் சரியா இருக்கு. நீ எண்ணாட்டா உனக்குத் தூக்கம் வராதுன்னு ரெண்டு தடவ எண்ணிட்டேன் தாயி. நம்பரும் போட்டாச்சு. நீ கடல்ல உக்காந்து தூசிய எண்ணு, நான் இங்க சேலைய எண்ணுதேன். ஆளுக்கொரு வேலை."


உ
13 அக்டோபர், ஞாயிறு
காலை 8.00

இழை 430. 7714: 161.

அலுவலகத்துக்கு நான் அனுப்பிய செய்தி:

"தம்பி, அந்த 7714 யாருன்னு தேடிச் சொல்லுங்க. பச்சப்பிள்ள வயித்துல போயிக் கெடக்கு. இப்படியே 'தெரியவில்லை'ன்னு எத்தன நாளுதான் எழுத? பேரு தெரிஞ்சா மூடி வைக்கக் கூடாது. ஊரறியச் சொல்லணும்."

தேவசகாயம் பதில்:

"உங்க கோவம் நியாயம்தான்ம்மா. நூல் பதிவகத்துக்கு எழுதியிருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்லுதேன். இழை இருந்ததாலதான் ஒரு பிள்ளைக்கு இன்ன கெடுதி வந்துதுன்னு இன்னும் யாராலயும் நிரூபிக்க முடியல. ஆனா யாரு விட்டாவங்கிறதக் கண்டுபிடிச்சிறலாம். கண்டுபிடிச்சிருவோம்."

இழை கலந்திருக்கிறது என்று கடலுப்புக்குத் தடை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மட்டிச் சிப்பி தின்பதை ஊரே நிறுத்திவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒருவன் துணிந்து சிவப்பைக் கொட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மனைவி மக்களோடு எப்படிச் சோறு தின்கிறானோ. கோமதியிடமும் எண்ணைச் சொல்லிப் புலம்பினேன்.


உ
15 அக்டோபர், செவ்வாய்
காலை 6.10

காற்று பலம். மலையில் நல்ல மழை என்று செய்தி. தண்ணீர் செம்மண் நிறம். வடிதாள் அடைத்துக்கொள்வதால் ஐந்து லிட்டர்தான் எடுக்க முடிந்தது. இழை 377. 7714: 149. பாதித் தண்ணீரில் இவ்வளவு. வெள்ளம் அடியில் கிடப்பதையெல்லாம் கிளறிக்கொண்டு வருகிறது.

படகு இனி வராது. கடல் அடங்கும்வரை முடியாது என்று சூசை அண்ணன் சொல்லிவிட்டார்.

11.20

தேவசகாயம் செய்தி, அப்படியே எழுதுகிறேன்:

"அம்மா, கிடைச்சிட்டு. 7714 ஒரே ஒரு சாயத்துக்கு உள்ள எண்ணு. வடக்க ஒரு ஆலையில, வருசம் ஒரு தடவ, ஒரே ஒரு ஆர்டருக்காகப் போடுத நிறமாம். அம்புட்டும் சேலை. பொதிக்கு நூத்தியெட்டு. பொதி மேல நீல மயில் படம் ஒட்டியிருக்குமாம். நம்ம பக்கத்துக் கடை ஒண்ணுக்குத்தான் வருது. வாங்குனது யாருன்னு அந்தக் கடைக்காரரு சொல்லணும். கடையத் தேடுதேன். விட மாட்டேன்ம்மா."

11.25

செய்தியை மறுபடி போட்டுக் கேட்டேன்.

11.40

என் பையில் சேலைக் கணக்கு நோட்டு இருக்கிறது. இந்த வருடம் யார் யாருக்கு எந்த எண் என்று உலகம்மாளுக்குச் சொல்ல வேண்டும் என்று கொண்டுவந்தேன். ஒவ்வொரு வருடமும் பொதியின் மேலிருக்கும் மயிலை வெட்டி அந்த வருடத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அழகாக இருக்கும் என்றுதான். அடுத்த வருடம் நிறம் மாறிவிடக் கூடாதென்று மயிலின் காலடியில் ஒரு சேலை நூலும் கட்டி வைத்திருக்கிறேன்.

11.50

ஆறாவது வருடத்து நூலில் அரை அங்குலம் வெட்டி மானியில் வைத்தேன். இரட்டைக் கொம்பு. சிவப்பு. 7714.

12.05

நான்காவது வருடம். 7714.

12.15

முதல் வருடம். 7714.

விதிப்படி மூன்று முறை பார்த்தாயிற்று.


15 அக்டோபர்
மாலை 4.30

மேலே சுழி போடவில்லை. கை வரவில்லை.

கடையில் அண்ணாச்சி முதலில் பருத்தியைத்தான் எடுத்துப் போட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். பருத்தி தண்ணீரில் ஒரு மாதத்தில் நைந்துவிடும். என் வேண்டுதல் நையக் கூடாது. "எத்தன வருசம் தண்ணியில கெடந்தாலும் சாயம் போகாத, கிழியாத துணியாக் குடுங்க அண்ணாச்சி. வேற யாருகிட்டயும் இல்லாத செவப்பா இருக்கணும்" என்றேன். அவர் சொல்லி வைத்து வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர். நான் கேட்டதைத்தான் கொடுத்தார்.

ஆறு வருடம். வருடத்துக்கு 108. மொத்தம் 648 சேலை. ஒரு சேலை நானூறு கிராம். 259 கிலோ 200 கிராம்.

பாறை இடுக்கிலும் அணைக்கட்டு மதகிலும் சிக்கி, ஆறு வருடமாக அரைபட்டுக்கொண்டிருக்கின்றன. இத்தனை நாளும் நான் எண்ணிய 7714 எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு சிட்டிகைத் திருநீறு எடைகூட வராது.

மிச்சம் ஆற்றிலேதான் இருக்கிறது. இனிமேல்தான் வரும்.

இரண்டாவது கர்ப்பம் கலைந்தது மூன்றாவது வருடம். அப்போது ஆற்றில் 324 சேலை. கோமதி குடிப்பது ஆற்றுத் தண்ணீர். நிரூபிக்க முடியாது என்று தேவசகாயம் தம்பி சொல்கிறார். இல்லை என்றும் அவரால் நிரூபிக்க முடியாதே.

ஐப்பசி முதல் தேதிக்கு இன்னும் மூன்று நாள். பொதி பிரித்தாயிற்று.


16 அக்டோபர், புதன்
காலை 7.15

உலகம்மாளுக்கு நான் அனுப்பியது:

"உலகு, சேலைய ஆத்துல விடாத. ஒண்ணு கூட விடாத. பிள்ளைங்க வயித்துல கெடக்குத அந்தச் செவப்பு நம்ம சேலையோடது. மூணு தடவ பாத்துட்டேன். கோமதிகிட்ட இத மட்டும் சொல்லிராத. அவளுக்குப் படபடப்பு ஆகக் கூடாது."

7.50. உலகம்மாள்:

"நம்ம சேலையா? நல்லாப் பாத்தியா வடிவு? நாம என்ன அழுக்கையா விட்டோம்? சாக்கடையவா விட்டோம்? கஞ்சி மடிப்புக் கலையாத புதுச்சேலையில்லா விட்டோம். மஞ்ச முடிஞ்சுல்லா விட்டோம்."

8.05. உலகம்மாள் மறுபடியும்:

"சரி. நான் நிறுத்துதேன். பிள்ளைகிட்ட நீயே பேசிரு. எனக்கு அந்தத் தெம்பு இல்ல."

8.30. கோமதிக்கு நான்:

"மக்கா, இந்த வருசம் சேலை வேண்டாம். கரையிலயே வச்சுப் பூசை பண்ணிக்கிடலாம். ஆத்துல துணி விட்டா ஆத்துக்குக் கெடுதின்னு ஆபீஸ்ல சொல்லுதாவ."

8.40. கோமதி:

"எம்மா, என்ன சொல்லுத? ஆறு வருசம் செஞ்சதாலதான் இது தங்கியிருக்கு. இன்னும் ரெண்டு மாசந்தான். இப்பப் போயி நிறுத்தச் சொல்லுதியே, உனக்கு எப்படிம்மா வாய் வருது? ஆத்தம்மாவுக்குக் கோவம் வந்து இதையும் எடுத்துக்கிட்டா நீ குடுப்பியா? ஆபீஸ்காரன் குடுப்பானா? மத்தது எப்படியோ போட்டும். என் ஒண்ணாம் நம்பர விடச் சொல்லு. என்னோடது ஒண்ணே ஒண்ணு."

அழுகைக்கு நடுவே பேசினாள். உண்மைக் காரணத்தை அவளிடம் மறைத்துவிட்டேன்.

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. பிறகு கிடைக்கவில்லை.


18 அக்டோபர், வெள்ளி. ஐப்பசி 1
காலை 9.00

நேற்று அடித்த காற்றில் செய்திக் கம்பம் சாய்ந்துவிட்டது. செய்தி போகவும் இல்லை, வரவும் இல்லை. சூரியப் பலகை இரண்டில் ஒன்று போயிற்று. மோட்டார் இல்லை. கைவாளியில் தண்ணீர் எடுக்கிறேன்.

இந்நேரம் படித்துறையில் கூட்டமாக இருக்கும்.

வருடா வருடம் ஒன்றாம் எண் சேலையைத் தண்ணீருக்குள் நான்தான் விடுவேன். உப்பிப் பெரிதாகி, பாம்பு போல ஒரு வளைவு வளைந்து போகும். ஆற்றம்மா உடுத்திக்கொண்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

மேற்கே பார்த்துக் கும்பிட்டேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை.

வெள்ளக் காலத்தில் படித்துறைத் தண்ணீர் இங்கே வந்துசேர மூன்று நாள் ஆகும். உலகம்மாள் நிறுத்தினாளா இல்லையா என்று 21ஆம் தேதி ஆறே சொல்லிவிடும்.


19 அக்டோபர், சனி
பகல் 2.00

அலை மேடைக்கு மேல் ஏறியது. உப்புத்தண்ணீர் மானிக்குள் போய்விட்டது. துடைத்துக் காயவைத்தும் உள் விளக்கு எரியவில்லை. நூல் எண் இனிப் பார்க்க முடியாது. உருப்பெருக்கியில் நிறம் மட்டும் எண்ணலாம்.

ஐந்து லிட்டர். இழை 402. சிவப்பு 181.


21 அக்டோபர், திங்கள்
காலை 6.10

ஐந்து லிட்டர். இழை 395. சிவப்பு 176. கூடவில்லை.

உலகு நிறுத்திவிட்டாள். ஆற்றம்மா, நிறுத்திவிட்டாள்.

11.45

கைவாளி எதிலோ தட்டியது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே வரும் வலையை ஏதோ மூடியிருந்தது. கொக்கிக் கழியால் இழுத்தேன். கனம். இரண்டு தடவை கை வழுக்கியது.

சேலை. குங்குமச் சிவப்பு. ஒரு நூல் சாயம் போகவில்லை. அண்ணாச்சி சொன்ன சொல் தப்பவில்லை.

முந்தியில் முடிச்சு. அவிழ்த்தேன். மஞ்சள் துண்டு இருந்தது.

ஓரத்தில் எண் 1. உலகம்மாளின் கையெழுத்து.

வேறு எதுவும் வரவில்லை. மாலைவரை வலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றுதான்.


23 அக்டோபர், புதன்
காலை 10.00

சேலை காய்ந்தது. தராசில் வைத்தேன். 397 கிராம்.

மூன்று கிராம் குறைகிறது. மூன்று நாளில்.

பருத்தி தவிர வேறு துணி உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. அரிசி டின்னைக் காலி செய்து, சேலையை மடித்து அதில் போட்டு மூடினேன். கையை ஏழு தடவை கழுவினேன். கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவது? கீழே ஆறுதான். ஒரு குடத்தில் ஊற்றி வைத்திருக்கிறேன்.


26 அக்டோபர், சனி
மாலை 3.20

கம்பத்தைக் கயிறு போட்டுத் தூணோடு கட்டிவிட்டேன். உள்ளங்கை கிழிந்துவிட்டது. தேங்கிக் கிடந்த செய்திகள் வந்து விழுந்தன.

உலகம்மாள், 18ஆம் தேதி பதிவு:

"வடிவு, நூத்தியேழ நிறுத்திட்டேன். ஏச்சும் பேச்சும் வாங்கி, படித்துறையில நின்னு ஒவ்வொருத்தி கையிலேருந்தும் புடுங்கி மறுபடி பொதியில கட்டிட்டேன். ஒண்ண மட்டும் என்னால முடியல. அவ போன்ல கெடந்து அழுதா. 'அத்த, என் பிள்ளைக்காக அத்த'ன்னு. நீ இங்க இருந்திருந்தா நீயும் விட்டிருப்பே. என்னய வையாத."

வையவில்லை, உலகு. நானும் விட்டிருப்பேன்.

உலகம்மாள், 25ஆம் தேதி:

"கோமதிக்கு வலி வந்திட்டு. நாளு இருக்குல்லா, அதுக்குள்ள வந்திட்டு. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. நான் கூடத்தான் இருக்கேன். நீ பயப்படாத."


28 அக்டோபர், திங்கள்
காலை 9.10

உலகம்மாள்:

"பொம்பளப் பிள்ள. நேத்துச் சாயங்காலம் நாலு இருவதுக்கு. ஒண்ணேமுக்காக் கிலோ. அழுதா வடிவு, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், நான் கேட்டேன். கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவ. மூச்சு தானா விட மாட்டேங்குதா. குழாய் போட்டிருக்கு. ரோசக்காரின்னு கோமதி சொல்லுவாளே, பாப்போம்."

ஒன்றே முக்கால் கிலோ. நாலரைச் சேலை கனம்கூட இல்லை.

இப்படியா என் புத்தி கணக்குப் போட வேண்டும்.


30 அக்டோபர், புதன்
பகல் 12.30

கடல் அடங்கியது. சூசை அண்ணன் வந்தார். தேவசகாயம் தம்பி மானிக்குப் புது விளக்கு கொடுத்தனுப்பியிருந்தார். மாட்டினேன். எரிந்தது. ஆஸ்பத்திரிப் பெட்டியில் ஆறு தகடுகள்.

தகட்டில் பெயர் இருக்காது. எண்ணும், பிறந்த தேதியும், நேரமும் மட்டும் இருக்கும். ஐந்தாவது தகடு: 27 அக்டோபர், மாலை 4.20.

சொந்தக்காரர் தகட்டை நாம் பார்க்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. யாருக்கும் அது தோன்றியிருக்காது.

வெறும் தட்டைத் திறந்து வைத்தேன். முக்காட்டைப் பருத்தித் துண்டால் இறுக்கிக் கட்டினேன். ஐந்தாவது தகட்டை உருப்பெருக்கியின் கீழே தள்ளினேன்.

இழை 9. வெறும் தட்டில் 0. சிவப்பு 6. ஆறும் 7714.

உருப்பெருக்கியின் நடுவிலேயே இருந்தது ஒன்று. தலைமுடியைவிட மெல்லிசு. ஒரு வளைவு வளைந்து கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு முடிவு அனுப்ப வேண்டும். எண்ணிக்கை எழுதினேன். நிறம் எழுதினேன். நூல் எண் எழுதினேன். நான்காவது கட்டம்: விட்டவர்.

"தெரியவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

என் வாழ்நாளில் கணக்கில் பொய் எழுதியது இதுதான் முதல் தடவை.


1 நவம்பர், வெள்ளி
மாலை 5.15

விரதம். இழை 408. 7714: 155.

தேவசகாயம் செய்தி:

"அம்மா, அந்தக் கடையப் புடிச்சாச்சு. அண்ணாச்சி பில் புத்தகத்தப் பாத்து நாளைக்குச் சொல்லுதேன்னாரு. நீங்க ஆசப்பட்ட மாதிரியே ஊரறியப் பண்ணிருவோம்."

5.40. கோமதி. பதினாறு நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன். சன்னமாகப் பேசினாள்:

"எம்மா, பிள்ளைய இன்னும் கையில குடுக்கல. கண்ணாடி வழியாத்தான் பாக்கேன். டாக்டரம்மா சொன்னாவ, உன் ஆபீஸ்லேருந்து ரிப்போட்டு வந்துதாம். அவ வயித்துக்குள்ள செவப்பு நூலு இருந்துதாம். நீ அன்னைக்குச் சொன்னியே, எவனோ கொட்டுதான்னு, அதே நம்பராம். யாருன்னு கண்டுபிடிச்சியாம்மா? பேரு எனக்கு வேணும். பேரு தெரியாட்டாலும் சொல்லிட்டேன். கண்ணாடிப் பெட்டி மேல கைய வச்சு மூணு தடவ சொல்லிட்டேன். எம் பிள்ளைக்கு இதச் செஞ்சது எவனா இருந்தாலும் எவளா இருந்தாலும், அவுக வம்சத்துல ஒரு பிள்ள தங்கக் கூடாது."

5.55

மறுபடி கேட்கவில்லை. ஒரு தடவையே போதும்.

பெற்ற தாய், பச்சை உடம்புக்காரி, வயிறெரிந்து மூன்று தடவை சொன்னால் அது பலிக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். அவளையும் அப்படித்தான் வளர்த்தேன்.

என் வம்சம் என்று இருப்பது இரண்டு பேர். ஒருத்தி அதைச் சொன்னவள். இன்னொருத்தி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறாள்.


உ
2 நவம்பர், சனி
காலை 6.10. கழிமுக நிலையம் 3

காற்று இல்லை. தண்ணீர் தெளிந்துவிட்டது. பத்து லிட்டர் வடிகட்டினேன்.

இழை 415. வெறும் தட்டில் 2. கழித்தால் 413. சிவப்பு 168. அதில் 7714: 157.

திருத்தம். 30 அக்டோபர் பதிவு, தகடு ஐந்து, நான்காவது கட்டம். "தெரியவில்லை" என்று எழுதியது பொய். அடித்துவிட்டேன். 11 அக்டோபரிலிருந்து இந்த நோட்டில் உள்ள "தெரியவில்லை" எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். கரை அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறேன். கடைக்காரர் சொல்லித் தெரிய வேண்டாம்.

ஆற்றம்மா, என் மகள் ஆள் தெரியாமல் சொல்லிவிட்டாள். கணக்கை என் பெயரோடு முடித்துக்கொள். வம்சம் என்று அவள் சொன்ன ஒரு சொல்லை மட்டும் தள்ளிவிடு. வெறும் தட்டில் விழுந்ததை நான் தினமும் தள்ளுகிறேன் இல்லையா, அது போல.

கொடுத்தது 649 சேலை. திரும்பி வந்தது ஒன்று, மூன்று கிராம் குறைவாக. கரையில் 107. இருப்பு: ஆற்றில்.

நூல் எண் 7714.
விட்டவர்: கு. சண்முகவடிவு, காவலர், கழிமுக நிலையம் 3.

6.31

கரையிலிருந்து அழைப்பு. கோமதி எண்.

நான் இன்னும் அனுப்பவில்லை. அப்படியானால் இது அதற்கான அழைப்பு இல்லை. இந்த நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள்.

நின்றுவிட்டது.

6.33

மறுபடியும் அடிக்கிறது. கையெழுத்தைப் போட்டுவிட்டு எடுக்…